பாபநாசம் முதல் பான்டியாக் வரை

'மசில் கார்' என்று அமெரிக்கர்கள் செல்லமாகச் சொல்லும் கார்கள் 1960களில் பிறந்தவை. நடுத்தர சைஸ் உடம்பு, அதற்குப் பொருத்தமே இல்லாத பிரமாண்டமான இன்ஜின். சிக்னலில் பச்சை விழுந்ததும் டயர் புகைய, ரோட்டில் கறுப்புக் கோடு கிழித்தபடி கிளம்புகிற ரகம். மசில் என்றால் தசை. அதாவது, தசை பலத்தில் ஓடும் வண்டி!

திருநெல்வேலியில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "அதுக்கு எதுக்குவே அமெரிக்கா? ஆனி மாசம் டவுனுக்கு வந்து நெல்லையப்பர் தேரைப் பாரும்!" என்பார்கள்.

நியாயம்தான். பல ஊர்களில் தேரைப் பின்னாலிருந்து தள்ள ஜே.சி.பி. வந்துவிட்ட பிறகும், மனிதத் தசைகளை மட்டுமே நம்பி ரத வீதிகளைச் சுற்றி வருகிற தேர் அது. அதைக் கூர்ந்து பார்த்தால், அமெரிக்க மசில் கார்க்காரர்கள் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒரு கேள்வி புரிந்துவிடும்.

ஓடுகிற தேரை இழுப்பது பெரிய காரியமில்லை. நிற்கிற தேரைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. வடம் விறைத்து நிற்கும். ஆயிரக்கணக்கான கைகள் இழுக்கும். தேர் அசையாது. பின் சக்கரங்களுக்கு அடியில் நீளமான தடிகளைக் கொடுத்து ஒரு கூட்டம் நெம்பும். திடீரென்று ஒரு குலுங்கல்... தேர் நகர்ந்துவிடும். அதன் பிறகு கவலையெல்லாம், அதை எப்படி நிறுத்துவது என்பதுதான்!

2024 ஜூன் மாதம் நடந்த ஆனித் தேரோட்டத்தில், ஒருமுறை அல்ல, பலமுறை வடம் அறுந்தது. எல்லா இழுப்பும் ஒரே நேரத்தில், அசையாமல் நிற்கிற பாரத்தின் மேல் விழுகிற அந்தக் கணம்தான் வடத்துக்கு உச்சகட்ட சோதனை. பலம் இருந்தால் மட்டும் போதாது. பலத்துக்கும் பாரத்துக்கும் நடுவே இருக்கிற சமாசாரமும் சரியாக இருக்க வேண்டும்.

அந்த நடுவில் இருப்பவரின் கதைதான் இது.

நீராவி இன்ஜினுக்கு இந்தப் பிரச்னை கிடையாது. 1904ல் திறந்த கொல்லம் - செங்கோட்டை மலைப் பாதையில் ரயில் ஏறியதை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் நீராவியைத் திறந்துவிட்டால், சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாத நிலையிலும் அது முழு மூச்சோடு தள்ளும். சொல்லப்போனால், நிற்கும்போதுதான் அதற்கு இழுவை அதிகம்.

பெட்ரோல், டீசல் இன்ஜின்கள் நேர்மாறு. ஓடினால்தான் பலம், நின்றால் பிணம். நிமிடத்துக்கு 600, 700 சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் உயிரோடு இருக்கும். சக்கரமோ நின்றுகொண்டிருக்கிறது. ஓடுகிறவனையும் நிற்கிறவனையும் சட்டென்று ஒரே கயிற்றில் கட்டினால் என்ன ஆகும்? ஒன்று, இன்ஜின் 'டக்'கென்று அணையும். அல்லது எதாவது உடையும். அதற்காகத்தான் கிளட்ச். இரண்டு தட்டுகளை உரசவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிற ஏற்பாடு. புதிதாகக் கார் பழகுகிறவர்கள் வண்டியைக் குதிரை மாதிரி துள்ளவைப்பது இந்தச் சேர்க்கை பிசகுவதால்தான்.

உரசலே இல்லாமல் சேர்க்க முடியுமா? முடியும் என்றது தண்ணீர். அதைப் பார்க்கப் பொருநையின் கரையோடு மலையடிவாரம் வரை போக வேண்டும்.

* * *

பாபநாசம் என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் அல்ல. தாமிரபரணி பொதிகை மலையைவிட்டுத் தரைக்கு இறங்கும் பாபநாசம். அங்கே மலையிலிருந்து விழுகிற தண்ணீரை, 1880களில் ஒரு வியாபாரக் கண்ணோடு பார்த்தார்கள் ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற ஹார்வி சகோதரர்கள். சுற்று வட்டாரத்தில் பருத்தி விளைகிறது. ஆறு சும்மா விழுகிறது. நிலக்கரி வாங்க வேண்டாம். பக்கத்திலேயே விக்கிரமசிங்கபுரத்தில் எழுந்தது நூற்பாலை. தண்ணீரின் பலத்தில் நூல் நூற்றது.

(இதே ஹார்வி கம்பெனியின் தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908ல் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்யவைத்தார் வ.உ.சி. அது தனிக் கதை.)

அந்தக் காலத்து மில்களில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் கிடையாது. கூரையோரமாக நீளமான ஒரு இரும்புத் தண்டு நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து பெல்ட் இறங்கி மெஷினை ஓட்டும். தண்டு ஓடுகிறது, மெஷின் நிற்கிறது... மறுபடி அதே தேர்ப் பிரச்னை! உலகம் முழுக்க மில்காரர்கள் வைத்திருந்த தீர்வு சுலபமானது. மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கப்பிகள். ஒன்று மெஷினோடு இறுகப் பிணைந்தது. மற்றது சும்மா சுற்றுவது. பெல்ட்டை ஒரு கம்பியால் தள்ளி, சும்மா சுற்றும் கப்பியிலிருந்து பிணைந்த கப்பிக்கு மெல்ல நகர்த்துவார்கள். பெல்ட் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலில்தான் மெஷின் அதிராமல் வேகம் எடுக்கும். வழுக்கல் என்றால் நஷ்டம்தான். ஆனால், கிளம்பும்போது அந்த நஷ்டம் கட்டாயச் செலவு.

தண்ணீரின் குணத்தைப் பார்க்க, நீலகிரிக்கு ஒரு நடை போய்வருவோம். சென்னை மாகாணத்தின் பெரிய நீர்மின் திட்டங்கள் வரிசையாக வந்தன: 1932ல் பைக்காரா, 1937ல் மேட்டூர், 1944ல் பாபநாசம். இதில் பைக்காராவில் வைத்தது பெல்ட்டன் சக்கரம். அமெரிக்கத் தங்கச் சுரங்கப் பகுதியில் லெஸ்டர் பெல்ட்டன் 1880ல் காப்புரிமை வாங்கியது. சக்கரத்தைச் சுற்றிலும் கிண்ணங்கள். அவற்றின் மேல் தண்ணீர் பீச்சியடிக்கும்.

இப்போது ஒரு கற்பனை. அந்தச் சக்கரத்தை நகராமல் இறுக்கிப் பிடித்துவிடுங்கள். தண்ணீர் கிண்ணத்தில் முழு வேகத்தோடு மோதும். கணக்குப்படி, சக்கரம் நல்ல வேகத்தில் ஓடும்போது உள்ளதைவிட இரண்டு மடங்கு முறுக்கு விசை அப்போதுதான் இருக்கும். ஆனால், நடக்கும் வேலை பூஜ்ஜியம்! சக்கரம்தான் சுற்றவில்லையே. சரி, பிடியை முழுசாக விட்டுவிடுங்கள். சக்கரம் தண்ணீரின் வேகத்துக்கே ஓடும். கிண்ணத்தைத் தண்ணீர் துரத்திப் பிடிக்கவே முடியாது. அப்போதும் வேலை பூஜ்ஜியம். இரண்டுக்கும் நடுவில், தண்ணீரின் வேகத்தில் பாதியளவுக்குச் சக்கரம் ஓடும்போதுதான் முழுப் பலன்.

நிற்கும்போது முறுக்கு அதிகம், வேலை இல்லை. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டால்' என்பது இதுதான்.

* * *

1905. தூத்துக்குடியில் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விடும் முயற்சி தொடங்குவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்பு, ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் ஓர் இளம் இன்ஜினீயருக்கும் கப்பல் பற்றியே கவலை. பெயர் ஹெர்மன் ஃபோட்டிங்கர். புதிதாக வந்த நீராவி டர்பைன் அசுர வேகத்தில் சுற்றுகிறது. கப்பலின் புரொப்பெல்லரோ நிதானமாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ளும். நடுவில் எதைப் போடுவது? அத்தனை பெரிய பலத்தைத் தாங்கும் பல்சக்கரம் செய்வது அன்று குதிரைக்கொம்பு.

ஃபோட்டிங்கர் யோசித்தார். டர்பைன் ஒரு பம்பைச் சுற்றட்டும். பம்ப் தண்ணீரைத் தள்ளட்டும். அந்தத் தண்ணீர் இன்னொரு சக்கரத்தைச் சுற்றட்டும். சரி, பம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் குழாய்கள் எதற்கு? இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால்? சுருக்கமாகச் சொன்னால், பாபநாசத்து அருவியை ஒரு குண்டானுக்குள் அடைத்துவிட்டார் மனிதர்!

1905ல் காப்புரிமை பதிவானது. பம்ப், டர்பைன், நடுவில் தண்ணீரைத் திசை திருப்பிவிடும் அசையாத ஒரு வழிகாட்டிச் சக்கரம். இந்த மூன்றாவது ஆசாமிக்குப் பெயர் ஸ்டேட்டர். டர்பைனைத் தள்ளிவிட்டுத் திரும்புகிற நீரை வீணாக்காமல், பம்புக்கு உதவும் திசையில் திருப்பி அனுப்புவது இவர் வேலை. அதனால்தான் உள்ளே போன முறுக்கைவிட வெளியே வருகிற முறுக்கு அதிகமாகிறது. முறுக்கை மாற்றித் தருவதால் டார்க் கன்வெர்ட்டர்.

ஃபோட்டிங்கர் பிறந்தது 1877ல். அதே 1877ல் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். ரயில்வே வேலையை விட்டுவிட்டு, 1910களின் தொடக்கத்தில் மதுரையில் பஸ் விட்டவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் பஸ்ஸை ஓட்டும் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' அவருடைய கம்பெனியில் தயாரானது. கரிவாயுவில் இன்ஜினின் பலம் நன்றாகவே குறையும். ஆனால், பஸ்ஸின் பாரம் குறையாதே! ஏற்றத்தில் கியரைக் குறைத்து, இன்ஜினைச் சுற்றவிட்டு, டிரைவர்தான் கையாலும் காலாலும் சமாளிக்க வேண்டும். நடுவில் இருக்கிற சமாசாரம் அப்போது மனிதன்.

லண்டனில் அந்த வேலையை எண்ணெய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பஸ்கள் கிளம்பும்போது பயணிகளைத் தூக்கிப் போடுவதைப் பார்த்த ஹெரால்டு சின்க்ளேர் என்ற இன்ஜினீயர், ஃபோட்டிங்கரின் சாதனத்திலிருந்து ஸ்டேட்டரை எடுத்துவிட்ட எளிய வடிவத்தைக் கையில் எடுத்தார். 1930ல் டெய்ம்லர் கம்பெனி அதைக் காரிலும் பஸ்ஸிலும் வைத்தது. தண்ணீர் போய் எண்ணெய் வந்தது. முறுக்கு கூடாது, ஆனால் குலுங்கல் போயிற்று. அமெரிக்காவில் 1948ல் ப்யூக் கம்பெனி டைனாஃப்ளோ என்ற பெயரில் முழு டார்க் கன்வெர்ட்டரையே காருக்குள் கொண்டுவந்தது. கிளட்ச் பெடல் காணாமல் போனது.

* * *

1964. ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு ஒரு விஷமம் செய்தது. நடுத்தர டெம்பஸ்ட் காருக்குள் 6.4 லிட்டர் இன்ஜினைத் திணித்து, ஜி.டி.ஓ. என்று பெயர் வைத்தது. மசில் கார் யுகத்தை அதிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள் பலரும். இந்தியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1954லேயே கடையைக் கட்டிவிட்டது. இறக்குமதிக்கும் ஏகப்பட்ட கெடுபிடி. இம்பாலாக்களைப் பார்த்த அளவுக்கு நம் ஊர் ஜி.டி.ஓ.க்களைப் பார்க்கவில்லை.

ஆட்டோமேட்டிக் கியர் வைத்த மசில் கார் சொந்தக்காரர்களுக்குத்தான் அந்தப் பழைய கேள்வி புது வடிவத்தில் வந்தது: ஸ்டால் ஸ்பீடு எவ்வளவு வைப்பது?

பிரேக்கை இறுக்கிப் பிடித்து, அதாவது உள்ளே டர்பைனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க அமுக்கினால் இன்ஜின் ஓர் அளவுவரை வேகம் ஏறி, அதற்கு மேல் போகாமல் முக்கும். அந்த வேகம்தான் ஸ்டால் ஸ்பீடு. பெல்ட்டன் சக்கரத்தை இறுக்கிப் பிடித்த அதே நிலை. அந்தக் கணத்தில் முறுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பின் சக்கரத்துக்குப் போகத் தயாராக இருக்கும். வேலையோ பூஜ்ஜியம். அப்படியானால் இன்ஜின் தருகிற அத்தனை பலமும் எங்கே போகிறது? எண்ணெயைக் காய்ச்சுவதில். அதனால்தான் இந்தப் பரிசோதனையை இரண்டு, மூன்று விநாடிக்கு மேல் செய்யாதே என்கிறார்கள்.

சாதாரணக் காருக்கு 1,800 சுற்று ஸ்டால் போதும். ஆனால், மசில் காரை மேலும் முறுக்கேற்ற நினைப்பவர்கள் முதலில் மாற்றுவது கேம் ஷாஃப்டை. வால்வு அதிக நேரம் திறந்திருக்கும் கேம் போட்டால், மேல் வேகத்தில் இன்ஜின் சிங்கம். கீழ் வேகத்தில் ஆஸ்துமா நோயாளி. அதன் பலம் 2,500 சுற்றுக்கு மேல்தான் விழித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,800ல் பாரத்தைத் தலையில் வைத்தால் பாவம், தூக்கத்தில் இருப்பவனை எழுப்பித் தேர்வடம் பிடிக்கச் சொன்னது மாதிரி. இன்ஜின் திணறும். சிக்னலில் நிற்கும்போதே அணைந்தாலும் அணையும். அதனால் ஸ்டாலை 2,500க்குக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். முதலில் விழித்துக்கொள், பிறகு வடத்தைப் பிடி!

எப்படித் தூக்குவது? கன்வெர்ட்டரின் விட்டத்தைக் குறைத்து. இங்கே கணக்கு கொஞ்சம் பயமுறுத்தும். இறக்கை அமைப்பு அதேதான் என்றால், 12 அங்குலத்தை 10 அங்குலமாகக் குறைத்தாலே, அதே வேகத்தில் அது இன்ஜின் மேல் வைக்கிற பாரம் சுமார் 40 சதவிகிதமாகச் சுருங்கிவிடும். இரண்டு அங்குலத்துக்கு இத்தனை வித்தியாசம். 1970களில் மலிவு விலைக்குப் பார்த்தவர்கள், செவர்லே வேகா என்ற குட்டிக் காரின் கன்வெர்ட்டரைக் கழற்றிப் பெரிய இன்ஜினுக்குப் பின்னால் மாட்டினார்கள். பெயர்தான் வேகா, அந்தக் காருக்கு வேகம் கிடையாது. அதன் கன்வெர்ட்டரோ பந்தயக்காரர்களுக்கு வரப்பிரசாதம்!

இன்னொரு சூட்சுமம். ஸ்டால் ஸ்பீடு என்பது கன்வெர்ட்டரின் சொந்தச் சொத்து இல்லை. அதே கன்வெர்ட்டரை நாலு மடங்கு முறுக்குள்ள இன்ஜினுக்குப் பின்னால் மாட்டினால், ஸ்டால் இரண்டு மடங்காகும். முறுக்கு 21 சதவிகிதம் கூடினால் ஸ்டால் 10 சதவிகிதம் கூடும். ஆகவே, டப்பாவின் மேல் '3,000' என்று அச்சடித்திருந்தால், 'எந்த இன்ஜினுக்கு?' என்று கேட்க வேண்டும். அருவி ஒன்றுதான், மழைக்காலத்தில் ஒரு வேகம், கோடையில் ஒரு வேகம்.

அப்படியானால் 4,000, 5,000 என்று வைத்துவிட்டால் என்ன? கால் மைல் பந்தயத்துக்கு மட்டும் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால், அதே வண்டியில் வீட்டுக்குப் போக வேண்டுமே!

ஒரு கணக்குப் போடுவோம். பின் ஆக்ஸில் விகிதம் 3.08, டயர் உயரம் 27 அங்குலம். மணிக்கு 96 கிலோமீட்டரில் நேரடி கியரில் போனால் இன்ஜின் சுமார் 2,300 சுற்று. ஸ்டாலை 3,500 வைத்திருந்தால், ஹைவேயில் போகிற நேரமெல்லாம் கன்வெர்ட்டர் தாராளமாக வழுக்கிக்கொண்டே இருக்கும். மில்லில் பெல்ட்டைப் பாதித் தூரம் தள்ளிவிட்டு மறந்துபோன மாதிரி. வழுக்கல் என்றால் சூடு. 80, 90 டிகிரியில் சௌக்கியமாக இருக்கும் எண்ணெய், 120ஐத் தாண்டினால் கெட ஆரம்பிக்கும். எண்ணெய் கெட்டால் கியர் பாக்ஸ் அவ்வளவுதான். 3.08 ஆக்ஸிலுக்குப் பதில் 4.10 இருந்தால் அதே வேகத்தில் சுமார் 3,060 சுற்று; 2,800 ஸ்டால் அதற்குச் சுகமாகப் பொருந்தும். ஆக, தீர்மானிப்பது இன்ஜின் மட்டும் இல்லை. ஆக்ஸில், டயர், வண்டியின் எடை எல்லாம் சேர்ந்து ஓட்டுப் போடுகின்றன.

கம்பெனிகளுக்கும் இந்தச் சங்கடம் தெரிந்தே இருந்தது. 1965லிருந்து 1967 வரை ப்யூக், ஓல்ட்ஸ்மொபில், காடிலாக் கார்களில் ஸ்டேட்டரின் இறக்கைக் கோணத்தையே மாற்றுகிற வசதி வைத்தார்கள். கிளம்ப ஒரு ஸ்டால், ஓட ஒரு ஸ்டால். பிறகு செலவு பார்த்து விட்டுவிட்டார்கள்.

நம் ரயில்வேயிலும் ஒருவர் இதையே யோசித்தார். மன்மோகன் சூரி என்ற ரயில்வே இன்ஜினீயர் உருவாக்கிய 'சூரி டிரான்ஸ்மிஷன்', கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டரின் முறுக்கைப் பயன்படுத்தி, வேகம் பிடித்ததும் வழுக்கல் நஷ்டத்தைத் தவிர்க்கிற ஏற்பாடு. 1962ல் பட்நாகர் விருது பெற்றார். சித்தரஞ்சன் ஆலையில் தயாரான ஷன்டிங் டீசல் இன்ஜின்களில் அவருடைய கருவி ஓடியது. வேகம் பிடித்ததும் பம்பையும் டர்பைனையும் பூட்டிவிடுகிற 'லாக்கப்' இன்றைய ஆட்டோமேட்டிக் கார்களில் சர்வசாதாரணம். கிளம்பத்தான் வழுக்கல் வேண்டும். ஓட வேண்டாம் என்பதுதான் மில் கப்பியிலிருந்து இன்றுவரை வந்திருக்கும் பாடம்.

இன்றைக்கும் பழைய ஜி.டி.ஓ. வைத்திருப்பவர்கள் கன்வெர்ட்டர் தேடுகிறார்கள். நூறில் தொண்ணூறு பேர் செய்கிற பிசகு, பெரிய நம்பராகப் பார்த்து வாங்குவது. நம்பர் பெரிதானால் வீரம் பெரிதல்ல. உறைக்கிறது என்பதற்காக மிளகாயை மட்டுமே சாப்பிடுவாரா யாராவது?

உங்கள் சொந்தக்காரர் யாராவது அமெரிக்காவில் அப்படி ஒரு வண்டி வைத்திருந்தால், இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள். வண்டி எடை எவ்வளவு, ஆக்ஸில் என்ன விகிதம், டயர் எத்தனை அங்குலம், கேம் எந்த ரகம், தினமும் ஓட்டவா பந்தயத்துக்கா... இந்த ஐந்தையும் கேட்காமலேயே ஒரு டப்பாவை எடுத்து நீட்டுகிற கடைக்காரரிடம், "போயிட்டு வாறேன் அண்ணாச்சி" என்று கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டச் சொல்லுங்கள்.